பெர்தோமோ வீட்டில் ஒரு டம்ளர் பால்

பெர்தோமோ பால் பண்ணையின் வாசலில் வண்டி வந்து நின்றபோது காலை மணி எட்டு இருபது. எண்பது மாடுகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"நம்மளை வரவேற்க இவ்வளவு பேரா?" என்றான் வாஷிங்டன்.

"கறக்கற நேரம் தாண்டிடுச்சு. மடி கட்டிக்கிட்டு வலியில கத்துது." சுல்மா அதற்குள் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"எனக்கும்தான் காப்பி நேரம் தாண்டிடுச்சு. நான் கத்தறேனா?"

"மோந்தெவிதேயோவுலேர்ந்து இங்க வர வரைக்கும் வேற என்ன பண்ணிட்டு வந்தே?"

சுல்மா அர்ரில்லாகாவுக்கு ஐம்பத்தோரு வயது. பத்தொன்பது வருடம் ஒரு சீஸ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பால் சோதித்தவள். தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கடைசியில் தண்ணீர் கலக்கிற ஆட்களைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் தொழிலுக்கே வந்துவிட்டாள். வாஷிங்டன் பின்தோஸ் அவளுடைய உதவியாள், முன்னாள் பஸ் கண்டக்டர். உருகுவேயில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் உண்டு. இவ்வளவு பேசுகிற வாஷிங்டன் இவன் ஒருவன்தான்.

சுல்மாவின் கைப்பையில் நான்கு நாள் முன்பு வந்த கடிதம் இருந்தது. நடுங்கிய கையெழுத்தில் இரண்டே வரி.

'என் மகன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்திருக்கிறான். அவன் பொய்யன் என்று நிரூபித்துத் தரவும். பசிலியோ பெர்தோமோ.'

வராந்தாவில் நின்றிருந்த ஆள் அவர்களைப் பார்த்ததும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கிழவரின் மருமகன் ஒரேஸ்தெஸ். தோல் செருப்பில் சாணி, கண்ணில் தூக்கமின்மை.

"பன்னெண்டு மணிக்கு நோட்டரி வர்றாரு. பண்ணையை என் பொண்டாட்டி பேருக்கு எழுதறாரு மாமா. பத்திரத்துல ஒரு வரி இருக்கு, 'எனக்கு உயிரோடு வேறு பிள்ளை இல்லை'ன்னு. அதுக்கு முன்னாடி நீங்க உங்க அறிக்கையைக் குடுத்துட்டா, மாமா மனசு நிம்மதியா கையெழுத்துப் போடுவாரு. போலீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன். அந்த ஆளை அவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"மாடு ஏன் இன்னும் கறக்கலை?" என்றாள் சுல்மா.

ஒரேஸ்தெஸின் முகம் சுருங்கியது. "மூணு வாரமா இதே கதைதான். வேலைக்காரங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன், அவன் ஒண்ணு சொல்றான். யாரு பேச்சைக் கேக்கறதுன்னு தெரியாம அவனுங்க முழிக்கறானுங்க. இருபது வருஷமா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கறவன் நான், தோன்யா. நேத்து வந்தவன் கன்னுக்குட்டிக்குப் பேர் வைக்கறான்!" மரியாதைக்குரிய பெண்ணை அங்கே 'தோன்யா' என்பார்கள், ஆணை 'தோன்'.

"வந்தவர்கிட்ட அடையாளக் காகிதம் இல்லையா?"

"இருக்கு. ஆதெமார் பெர்தோமோன்னுதான் போட்டிருக்கு. துறைமுகத்துல காசு குடுத்தா என் பேரையும் உங்க பேரையும் சேத்துப் போட்டே குடுப்பான்."

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றான் வாஷிங்டன். "பத்து வயசு குறைச்சுப் போடுவானா?"

ஒரேஸ்தெஸ் சிரிக்கவில்லை. "வேற சாட்சியே வேணாம். அவனால பால் குடிக்க முடியலை. அது ஒண்ணு போதும்."

*

சமையலறையில் கிழவரின் மகள், ஒரேஸ்தெஸின் மனைவி நில்தா காப்பி ஊற்றினாள். நாற்பத்திரண்டு வயது. தெற்கிலிருந்து வீசிய காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் குலுங்கியது.

"அண்ணன் ஓடிப்போனப்போ அவனுக்குப் பதினாறு, எனக்குப் பதிமூணு. அம்மா செத்து ஒரு வருஷம்கூட ஆகலை. இருபத்தொன்பது வருஷமாச்சு, தோன்யா சுல்மா. இந்த ஆளைப் பாத்தா ஒருநாள் அண்ணன் கண்ணுதான்னு தோணுது. மறுநாள் இல்லைன்னு தோணுது. மூக்கு உடைஞ்சிருக்கு. தலையில முடியே இல்லை."

"பால் விஷயம் என்ன?"

"எங்க அண்ணன் கன்னுக்குட்டிக்குப் போட்டியா குடிப்பான். மடியிலேர்ந்து நேரா வாயில பீச்சிக்குவான். ஊர்த் திருவிழாவுல பந்தயம் கட்டி பதினாலு டம்ளர் குடிச்சான், இன்னிக்கும் கிழடுங்க சொல்லிச் சிரிக்கும். இந்த ஆள் வந்த மொத நாள் சுடச்சுட ஒரு கிண்ணம் பால் வெச்சேன். பாம்பைப் பாத்த மாதிரி தள்ளி வெச்சுட்டாரு."

"வேற என்ன சாப்பிடறார்?"

"எல்லாம். காப்பி மட்டும் கருப்பா. அரிசிப் பாயசம் தொடறதில்லை. ஆனா ஒரு வருஷம் பழுத்த சீஸ் இருக்கே, அதை எலி மாதிரி தின்னு தீக்கறாரு."

குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த சுல்மா சட்டென்று நின்றாள். அவள் நிற்பது அபூர்வம் என்பதால் வாஷிங்டன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பழுத்த சீஸ் மட்டும்தானா? புதுசு?"

"புதுசு தொடமாட்டாரு."

"வாஷிங்டன், எந்திரி. அந்த ஆளைப் பாக்கணும்."

*

கன்றுக் கொட்டகையில் ஒரு கன்றின் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தான் அந்த மனிதன். கப்பலிலும், கண்டத்தின் தெற்குக் கடைசியில் ஆட்டுப் பண்ணைகளிலும் வேலை பார்த்ததாகச் சொன்னவன். கை அதற்குச் சாட்சியாகத்தான் இருந்தது, பழைய கயிறு மாதிரி.

"கேள்வி ஒண்ணுதான்," என்றாள் சுல்மா. "எப்பலேர்ந்து பால் ஒத்துக்கலை?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். எல்லோரும் ஏன் குடிக்கவில்லை என்றுதான் கேட்டிருந்தார்கள். எப்போதிலிருந்து என்று யாரும் கேட்டதில்லை.

"இருபது இருபத்திரண்டு வயசுலேர்ந்து. வயித்துக்குள்ள புயல் அடிக்கற மாதிரி இருக்கும். அப்பா வீட்டை விட்டு ஓடினவனுக்கு அப்பா வீட்டுப் பால் சாபம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ரெண்டு மடக்கு குடிச்சுட்டுக் கொட்டகைக்குப் பின்னால ஓடியிருந்தா இந்தச் சந்தேகமே வந்திருக்காதே?" என்றான் வாஷிங்டன்.

"பொய்யா எதுவும் பண்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் இங்க வந்தேன்."

"சரி. வீட்டை விட்டு ஏன் போனீங்க?" சுல்மா கேட்டாள்.

அவன் மறுபடி கன்றின் காலுக்குக் குனிந்துகொண்டான். "அதைச் சொல்ல மாட்டேன்."

"நோட்டரி வர இன்னும் மூணு மணி நேரம்கூட இல்லை. அப்புறம் போலீஸ்."

"தெரியும், தோன்யா. சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் வாஷிங்டன் உதட்டைப் பிதுக்கினான். "தெரிஞ்சாதானே சொல்லுவான்! ஆள் டூப்ளிகேட். டிக்கெட் எடுக்காம ஏறினவன் ஜன்னல் பக்கமே பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டான் பாருங்க."

"மடையா. நீ இந்த வீட்டுப் பையன் மாதிரி நடிக்க வர்றேன்னு வெச்சுக்க. ஊர்ல விசாரிச்சுட்டுத்தானே வருவே? மொத்த ஊரும் சொல்ற ஒரே கதை என்ன?"

"பதினாலு டம்ளர் பால்."

"அப்ப நீ என்ன பண்ணுவே?"

"பதினஞ்சு குடிப்பேன்."

"போலின்னா குடிச்சிருப்பான். குடிக்கலைங்கறதுதான் என்னை உறுத்துது." சுல்மா வேலி ஓரமாகப் போனாள், திரும்பி வந்தாள். "பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. நாம போடறது இல்லை, பசு போடறது. ரெட்டைப் பிள்ளை மாதிரி ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். குழந்தை வயித்துல அதை வெட்டறதுக்கு ஒரு கத்திரிக்கோல் உண்டு. வளர வளர நிறைய பேருக்கு அந்தக் கத்திரி மழுங்கிப்போகும். வெட்டாத சர்க்கரை அப்படியே குடலுக்குப் போய்ப் புளிச்சுப் பொங்கும். அதான் அவன் சொன்ன புயல்."

"சீஸ் மட்டும் எப்படி உள்ள போகுது?"

"பாலைத் திரிய வெச்சுத் தண்ணியை வடிச்சா, சர்க்கரையில பெரும்பாகம் தண்ணியோட போயிடும். மிச்சத்தை ஒரு வருஷம் பழுக்க வெச்சா, சீஸுக்குள்ள இருக்கற கிருமிங்க தின்னு தீத்துடும். புது சீஸ்ல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். இந்த ஆளுக்குப் படிப்பு இல்லை. ஆனா அவன் வயிறு சரியா படிச்சிருக்கு."

"அப்ப நிஜப் பிள்ளைன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புவோம். மதியச் சாப்பாட்டுக்கு—"

"இந்த நாட்டுல பாதிப் பேருக்குப் பால் ஒத்துக்காது. அவன் பொய்யன்ங்கறதுக்கு இருந்த சாட்சி போச்சு, அவ்வளவுதான். பிள்ளைதான்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்லை."

மாடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. ஒரேஸ்தெஸ் வராந்தாவிலிருந்து அவர்களைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

சுல்மா வீட்டைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. வாஷிங்டன் மூச்சு வாங்கியபடி பின்னால் வந்தான்.

"மூணாவது சுத்துக்கு வேண்டுதல் ஏதாவது..."

"இங்க பாரு."

வீட்டின் கிழக்குச் சுவர். கிழவரின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஓர் ஆள் அகலத்துக்குச் சுண்ணாம்பு மட்டும் தடித்து உப்பியிருந்தது. மற்ற சுவரெல்லாம் வெயிலில் மங்கிக் கிடக்க, இந்த இடம் மட்டும் வெள்ளை. ஜன்னல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் கருப்பாக ஒரு கோடு நெளிந்தது.

"எறும்பு," என்றான் வாஷிங்டன்.

"எறும்பு சும்மா வராது."

சுல்மா நகத்தால் சுண்ணாம்பைக் கீறினாள். ஏடு ஏடாக உதிர்ந்தது, வெங்காயத் தோல் மாதிரி. முப்பது ஏடாவது இருக்கும். கீறிய விரலை முகர்ந்தாள். பத்தொன்பது வருடம் அவள் முகர்ந்த வாசனைதான் அது, புளித்த பால்.

துணி உலர்த்த வந்த நில்தாவிடம் கேட்டாள். "இந்தச் சுவருக்கு யாரு சுண்ணாம்பு அடிக்கறது?"

"அப்பாதான். வருஷா வருஷம் வசந்த காலத்துல. இந்த இடத்தை மட்டும் யாரையும் தொடவிடமாட்டாரு. ஈரம் ஏறுதுன்னு சொல்வாரு."

"காலையில அவருக்குப் பால் யாரு குடுக்கறது?"

"நான்தான். அம்மா போனதுலேர்ந்து. ஒரு டம்ளர், விடியறப்போ, ஜன்னலோர மேசையில." நில்தா பெருமையாகச் சிரித்தாள். "ஒருநாள்கூட ஒரு சொட்டு மிச்சம் வெச்சதில்லை."

*

"யாரையும் உள்ளே விடாதே," என்று சொல்லிவிட்டுச் சுல்மா கிழவரின் அறைக் கதவைச் சாத்தினாள். வெளியே ஒரேஸ்தெஸின் குரலும், "வரிசையில வாங்க சார், உள்ள நிக்கக்கூட இடமில்லை," என்ற கண்டக்டர் குரலும் கேட்டன.

தோன் பசிலியோவுக்கு எழுபத்தெட்டு வயது. ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுரைக்குடுக்கையிலிருந்து மாத்தே இலைக் கசாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மேசையில் காலி டம்ளர்.

"முடிச்சாச்சா?" என்றார்.

"இன்னிக்குப் பால் எப்படி இருந்தது, தோன் பசிலியோ?"

"பெர்தோமோ பால். இந்தச் சுத்துவட்டாரம் பூரா அதைக் குடிச்சுத்தான் வளர்ந்தது. கேக்கற கேள்வியா இது?"

"சுவரும் அதைக் குடிச்சுத்தான் வளர்ந்திருக்கு."

உறிஞ்சும் சத்தம் நின்றது.

"முப்பது ஏடு சுண்ணாம்பு எண்ணினேன்," என்றாள் சுல்மா. "பால் பண்ணைக்காரருக்குப் பால் ஒத்துக்கலைன்னா குத்தம் இல்லைங்க. உடம்பு வாகு அது. சில குடும்பத்துல அப்பனுக்கும் வரும், பிள்ளைக்கும் வரும்."

"உன்னை எதுக்குக் கூப்பிட்டேனோ அதை மட்டும் பாரு."

"அதைத்தான் பாக்கறேன். உங்க பிள்ளை ஏன் வீட்டை விட்டுப் போனான்?"

"சோம்பேறி. போனான்."

"கொட்டகையில இருக்கறவரும் சொல்ல மாட்டேங்கறார். எனக்கு இந்தத் தொழில்ல நிறையப் பொய்யனுங்களைத் தெரியும். அவனுங்க கிட்ட கதைக்குப் பஞ்சமே கிடையாது. கேட்டா நாலு சொல்லுவானுங்க, கேக்காமலே ரெண்டு சொல்லுவானுங்க. இவர் ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அந்த ஒண்ணை மட்டும் சொல்ல மாட்டேன்னு நிக்கறார். நீங்களும் சொல்ல மாட்டேங்கறீங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்துல வாயை மூடிக்கறீங்க, தோன் பசிலியோ." அவள் ஜன்னலருகே போய் நின்றாள். "இங்கேர்ந்து நீங்க கொட்டறதை அவன் பாத்துட்டான். இல்லையா?"

கிழவர் குடுக்கையை மேசையில் வைத்தார்.

"திருவிழாவுக்கு மறுநாள்," என்றார். "பதினாலு டம்ளர் குடிச்ச பெருமையில இருந்தான். விடியறப்போ கீழே நின்னு அண்ணாந்து பாத்தான். 'அப்பா, உங்களால ஒண்ணுகூட முடியாதா?'ன்னான். சிரிச்சான். சின்னப் பையன், விளையாட்டாத்தான் சிரிச்சான். நான் பெல்ட்டைக் கழட்டினேன். எவ்வளவு நேரம் அடிச்சேன்னு எனக்கே தெரியாது. சாயங்காலம் பாத்தா ஆள் இல்லை."

"மூணு வாரம் முன்னாடி வந்தவரை எப்ப அடையாளம் தெரிஞ்சுது?"

"பஸ்ஸை விட்டு இறங்கி வேலியைத் தாண்டி வந்தான். அவங்கம்மா நடை." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அந்த நிமிஷமே தெரியும்."

மகன் என்று தெரிந்தேதான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

"பிள்ளைன்னு ஒத்துக்கிட்டா ஏன் போனான்னு ஊரே கேக்கும். என்னன்னு சொல்லுவேன்? தன் பாலைத் தானே குடிக்க முடியாதவன், அதைப் பாத்துச் சிரிச்ச பிள்ளையைத் தோலை உரிச்சவன்னா?" குரல் கெஞ்சலாக இறங்கியது. "நீ வெளியில சொல்லிடாதே."

"நீங்க என்னை நம்பிக் கூப்பிட்டவர். உங்க ரகசியத்தை நான் சொல்ல மாட்டேன். ஆனா அவர் பொய்யன்னு எழுதவும் மாட்டேன்." அவள் அந்த இரண்டு வரிக் கடிதத்தை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவர் இருபத்தொன்பது வருஷமா உங்களைக் காட்டிக்குடுக்கலை. அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க."

வெளியே கார் சத்தம். நோட்டரி அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

*

சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நோட்டரி பத்திரத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். கிழவர் தடியை ஊன்றி வந்து தலைப்பக்கம் உட்கார்ந்தார், யாரையும் பார்க்கவில்லை.

"என் அறிக்கை சின்னது," என்றாள் சுல்மா. "பால் குடிக்காததை வெச்சு ஒருத்தரைப் பொய்யர்னு சொல்ல முடியாது. சின்ன வயசுல குடிச்சவங்க பெரியவங்களானப்புறம் குடிக்க முடியாமப் போறது சகஜம். பால்ல இருக்கற சர்க்கரை அவங்களுக்குச் செரிக்காது."

"சர்க்கரையாம்!" ஒரேஸ்தெஸ் கத்தினான். "இருபது வருஷமா இந்தக் கையால கறக்கறேன், எந்தப் பசு சர்க்கரை போடுது?" அவன் சமையலறைக்குப் போய் ஒரு பெரிய டம்ளரில் பால் நிரப்பிக்கொண்டு வந்து, ஆதெமார் முன்னால் டங்கென்று வைத்தான். மேசைத் துணியில் பால் சிந்தியது. "குடி. எங்க எல்லார் முன்னாடியும் குடி. குடிச்சுட்டேன்னா நானே உன் கால்ல விழறேன். முடியலைன்னா வாசல்ல போலீஸ் நிக்குது."

"ஒரேஸ்தெஸ், வேணாம்," என்றாள் நில்தா. ஆனால் அவள் கண்ணும் அந்த டம்ளரில்தான் இருந்தது.

வாஷிங்டன் சுல்மாவின் காதருகே குனிந்தான். "சொல்லுங்களேன், தோன்யா. உங்களுக்கு என்னமோ தெரியும். மூஞ்சியில எழுதியிருக்கு."

"எனக்குச் சொல்ல உரிமை இல்லை," என்றாள் பல்லைக் கடித்தபடி. கைப்பையின் பித்தானை அவள் திருகிய திருகலில் அது கையோடு வந்துவிட்டது.

ஆதெமார் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். ஒரு வாக்கியம் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்தான்.

"சரி," என்றான். "இதுதான் வேணும்னா குடிக்கறேன்."

டம்ளர் உதட்டைத் தொட்டது. ஒரு மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மடக்கு.

தடி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. கிழவர் எழுந்து நின்று, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வைடா கீழே."

டம்ளர் மேசைக்கு இறங்கியது.

"ராத்திரி பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுவே. அடிவயித்துல ஆரம்பிக்கும், அப்புறம் முதுகு வரைக்கும் இழுக்கும். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றான் ஒரேஸ்தெஸ்.

"நாப்பது வருஷமா என்னால பால் குடிக்க முடியலை. காலையில வர்ற டம்ளரை ஜன்னல் வழியா ஊத்திடறேன். இவன் அதைப் பாத்தான். பாத்ததுக்காக நான் இவனை அடிச்சேன். நாயைக்கூட யாரும் அப்படி அடிக்க மாட்டாங்க. அதான் போனான். இவன் என் பிள்ளை."

நில்தா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"முப்பது வருஷம்!" என்று கத்தினாள். "முப்பது வருஷம் விடியக்காலையில எந்திரிச்சு, ஆடை விழாம, சூடு ஆறாம கொண்டாந்து வெச்சேனே அப்பா! சுவத்துக்கா ஊத்தினீங்க?" கத்தியபடியே அண்ணனிடம் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, அப்புறம்தான் அழுதாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான், எப்படி வைப்பது என்று மறந்துபோனவன் மாதிரி.

ஒரேஸ்தெஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். "அப்ப நான் யாரு மாமா, இந்த வீட்டுல? இருபது வருஷம்..."

"நீ இல்லைன்னா இந்தப் பண்ணையே இல்லை. அதுவும் எழுதப்படும்." கிழவர் மகனின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. "ரெண்டு பேரும் முதல்ல போய் அந்த மாடுகளைக் கறங்க. காது கிழியுது."

ஒரேஸ்தெஸ் முதலில் எழவில்லை. பிறகு எழுந்து, வாசல் ஆணியில் தொங்கிய இரண்டு தோல் அங்கிகளில் ஒன்றை எடுத்து, பார்க்காமலே ஆதெமார் பக்கம் எறிந்தான். ஆதெமார் அதைப் பிடித்துக்கொண்டான்.

"உன் வயித்துல புயல் கிளம்பறதுக்குள்ள வா," என்றான் ஒரேஸ்தெஸ்.

நோட்டரி தொண்டையைச் செருமினார். பத்திரத்தில் ஒரு வரியின் மேல் நீளமாகக் கோடு இழுத்தார். "புதுசா எழுதணும், தோன் பசிலியோ. உயிரோடு இருக்கற பிள்ளைங்க ரெண்டு. மகள் நில்தா பெர்தோமோ. மகன்..." பேனா நின்றது. "பேரு?"

இருபத்தொன்பது வருடமாக அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. வீட்டில் யாரையும் சொல்ல விட்டதுமில்லை. கிழவர் வாயைத் திறந்தார். வாசலில், அங்கியின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி, மகன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஆதெமார்," என்றார் கிழவர்.